வாளி வராத வாசல்

"பாத்தீங்களா? இந்தத் தடவையும் வாளி நம்ம வாசலுக்கு வரல!"

கதவைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். வாசலில் மிதியடி மட்டும்தான் கிடந்தது.

"வராட்டி விடேன். ஒரு வேலை மிச்சம்" என்றார் வேன் ஓட்டும் அவள் கணவர், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

விடுகிற விஷயமா அது?

அது கூட்டுறவுக் குடியிருப்பு. ஓனர் என்று தனியாக ஒருத்தர் கிடையாது. குடியிருக்கிற எல்லோருமே ஓனர்தான். மொட்டை மாடி பொது, துணி துவைக்கிற இடம் பொது, படிக்கட்டும் பொது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வீட்டுக்காரர் படிக்கட்டைத் துடைக்க வேண்டும். துடைத்து முடித்ததும் வாளியையும் மாப்பையும் அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். அடுத்த வாரம் அவர்கள் பாடு.

"வாளி வாசலுக்கு வந்துட்டா நீயும் ஓனரம்மாதான்!" என்று குடிவந்த அன்றே மேல்மாடித் தையல்கார அக்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அந்த வாளிக்காகத்தான் இவள் காத்திருக்கிறாள். அதுவோ எதிர்வீட்டு டயர்க்கடைக்காரரோடு நின்றுவிடுகிறது. இவளுடைய வாரத்திலும் அவரே துடைத்துவிட்டு, வாளியை நேராகத் தையல்கார அக்கா வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். போன முறை ஏதோ மறதி என்று நினைத்தாள். இந்த முறையுமா?

"அவருக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் உடல்களைக் கழுவித் துடைத்து, துணி உடுத்தி அனுப்புகிற வேலை அவளுக்கு. இதற்கு முன் இருந்த வீடுகளில், வேலை என்னவென்று தெரிகிற வரைக்கும் இவள் தங்கமான பொண்ணு. தெரிந்த மறுநாளே வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும், ஊரிலிருந்து தம்பி வர்றான் என்று ஏதாவது ஒரு சாக்கு வந்துவிடும். சட்டி பானையை மூட்டை கட்டிக் கட்டியே அலுத்துப்போனாள்.

இங்கே வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள். குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டும்போதெல்லாம், யாருக்கு என்று தெரியாமலே மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்வாள். உறுப்பினர் கூட்டத்தில் "ஆஸ்பத்திரியில வேலை" என்று மட்டும்தான் சொன்னாள். யாரும் துருவிக் கேட்கவில்லை. டயர்க்கடைக்காரர் மட்டும் வாயே திறக்காமல், இவள் மணிக்கட்டில் இருந்த தீத்தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் மாப்பு இழுபடும் சத்தம் கேட்டது. கணவர் தடுப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

"அண்ணே, இன்னிக்கு எங்க முறை."

டயர்க்கடைக்காரர் நிமிரவில்லை. "இருக்கட்டும்மா. நான் பாத்துக்கறேன்."

"போன தடவையும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க."

"மறந்துட்டேன்."

"ரெண்டு தடவையுமா மறந்தீங்க?"

மாப்பு அடுத்த படிக்கு இறங்கியது. அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நேராவே சொல்லிடுங்கண்ணே! ஆமா, பிணவறையிலதான் வேலை பாக்கறேன். பொணம் கழுவுற கைதான் இது. என் கை பட்டா உங்க வாளி அசிங்கமாயிடுமா?"

சத்தம் கேட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு தையல்கார அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வாளியை வெடுக்கென்று இழுத்தாள். தண்ணீர் தளும்பிப் படியில் கொட்டியது. அவரும் அதன் பிடியைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

"தெரியும்மா" என்றார் மெதுவாக.

"எப்பலேருந்து?"

"நீ இங்க குடி வர்றதுக்கு முன்னாடியே."

இந்த வீடும் போயிற்றா?

அவர் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷம் என் வீட்டுக்காரி லாரியில அடிபட்டுப் போய்ச் சேந்தா. முகத்தைப் பாக்காதே, உன்னால தாங்க முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் என் பொண்ணும் பிணவறைக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம். கடைசியில கொண்டு வந்தப்போ... ரத்தம் இல்ல, மண்ணு இல்ல. தலை சீவி, பின்னல் போட்டு, வேலைக்குக் கிளம்புறவ மாதிரி இருந்தா. என் பொண்ணு பயப்படாம அவ அம்மா கன்னத்துல முத்தம் குடுத்தா."

வாளியின் பிடியில் இரண்டு பேர் கைகளும் அப்படியே இருந்தன.

"யாருய்யா இப்படிப் பண்ணினதுன்னு வாட்ச்மேனைக் கேட்டேன். குழாயடியில கை கழுவிட்டிருந்த உன்னைக் காட்டினாரு. மூஞ்சியில மாஸ்க். அந்தத் தழும்பு மட்டும்தான் தெரிஞ்சுது. கிட்ட வந்து பேசணும்னு நெனச்சேன், வாய் வரல. அப்புறம் நம்ம கூட்டத்துல மறுபடி அதே தழும்பைப் பாத்தேன். அப்பவும் வரல."

"அண்ணே..." என்றாள் அவள்.

அன்று கூட்டத்தில் பார்த்த மாதிரியே, அவர் அவள் கையைப் பார்த்தார்.

"அவளைக் கடைசியாக் குளிப்பாட்டித் தலை வாரி விட்ட கைம்மா இது. இந்தக் கையில நான் எப்படி அழுக்குத்தண்ணி வாளியைக் குடுப்பேன்?"