பிளாஸ்மாவில் கூறைச்சேலை

"இன்னும் கொஞ்சம் சிவப்பைக் குறைங்க," என்றாள் யோகேஸ்வரி. கட்டியிருந்த கூறைச்சேலையின் முந்தானையை இழுத்து, புத்தம் புதிய பிளாஸ்மா டிவியின் திரையோரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் அவளுடைய கல்யாண வீடியோ. அதே சேலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் யோகேஸ்வரி, குங்குமத்தில் குளித்தவள் போல் செக்கச்செவேல் என்று இருந்தாள். நேரில் நிற்பவள் கையிலிருந்த முந்தானையோ மங்கலான செங்கல் நிறம்.

"புது டிவின்னா அப்படித்தான். ஆளுங்களை மயக்குறதுக்குக் கடைக்காரன் கலரை ஏத்தி வெச்சிருப்பான்," என்றான் அவள் கணவன் சத்தியசீலன். லூனாஸில் இருக்கும் தங்கள் வீட்டுச் சுவரில் நேற்றுத்தான் டிவியை மாட்டினான். அதிலிருந்து ரிமோட் அவன் கையைவிட்டு இறங்கவில்லை, சாப்பாட்டு நேரம் உட்பட.

"ஆனா சேலை அன்னைக்கு இதைவிடச் சிவப்பா இருந்த மாதிரி ஒரு ஞாபகம்," என்று இழுத்தான்.

"தாலி கட்டுறப்ப உங்களுக்குக் கை நடுங்குன நடுக்கத்துல, சேலை கலரையா பார்த்தீங்க?"

 அது உண்மைதான்.

இன்று அவர்களுடைய முதல் கல்யாண நாள். மெர்கோங்கிலிருந்து அவனுடைய அக்கா உமாராணி வந்துகொண்டிருந்தாள். "பெரிய டிவில கல்யாணத்தைப் பார்க்கணும், யோகேஸ் அந்தக் கூறைச்சேலையைக் கட்டியிருக்கணும்" என்று போனிலேயே உத்தரவு வந்துவிட்டது. அலோர் ஸ்டார் கடைகளில் ஏறி இறங்கி அந்தச் சேலையைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். நாத்தனார் முறைக்கு மூன்றாம் முடிச்சைப் போட்டவளும் அவள்தான்.

குறை கண்டுபிடிப்பதில் உமாராணி பலே கெட்டிக்காரி. சாம்பாரில் உப்பு சரியாக இருந்துவிட்டால், சாம்பார் ஊற்றிய கிண்ணத்தில் குறை சொல்வாள். அண்ணி வாயிலிருந்து ஒரே ஒரு முறை 'நல்லாருக்கு' என்று கேட்டுவிட வேண்டும் என்பது யோகேஸ்வரியின் ஒரு வருஷ ஆசை. இன்றைக்கும் ஏச்சு விழுந்தால் அழுதே விடுவோம் என்று பயமாக இருந்தது அவளுக்கு.

சத்தியசீலன் பட்டனை அழுத்தினான். சிவப்பு குறைந்தது, வெளிச்சம் குறைந்தது, திரையில் மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளை மஞ்சள் காமாலைக்காரன் ஆனான்.

"ஏய், என் மூஞ்சைப் பாரு! பழுத்த வாழைப்பழம் மாதிரி இருக்கேன்."

"உங்க மூஞ்சை யாரு பார்க்கப் போறா? சேலை சரியா இருக்கா, அதைப் பாருங்க."

"ஐயர் வேட்டிகூட தேத்தண்ணி கலர்ல இருக்கு லா!"

"ஓமப் புகையில அன்னைக்கே அப்படித்தான் இருந்துச்சு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "அக்கா போன வாரமே கேட்டுச்சு, உன் கூறைச்சேலை நிறம் மங்காம இருக்கா, எப்படி வெச்சிருக்கேன்னு."

யோகேஸ்வரியின் கையிலிருந்து முந்தானை நழுவியது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீயே வந்து பாருன்னுட்டேன்."

"இன்னும் ரெண்டு புள்ளி குறைங்க. சீக்கிரம்!"

அவன் குறைத்து முடிக்கவும் வாசலில் உமாராணியின் காடி ஹாரன் அடித்து நிற்கவும் சரியாக இருந்தது.

"வாங்க அண்ணி, பசியாறிட்டீங்களா?" என்று யோகேஸ்வரி ஓடினாள். உமாராணி உள்ளே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். டிவியைப் பார்த்தாள். யோகேஸ்வரியின் சேலையைப் பார்த்தாள். மறுபடியும் டிவியைப் பார்த்தாள்.

"எப்படிக்கா? அச்சு அசல் கலர்! கடைக்காரனுக்கே இப்படி வைக்கத் தெரியாது," என்று சத்தியசீலன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"வீடியோல என் தங்கச் சங்கிலி ஏன்டா பித்தளை மாதிரி இருக்கு?"

"பிளாஸ்மா பொய் சொல்லாதுக்கா."

உமாராணி தம்பியை ஒரு முறை முறைத்தாள். பிறகு எழுந்தாள். "யோகேஸ், கொஞ்சம் சமையக்கட்டுக்கு வா."

யோகேஸ்வரி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே போனாள். உமாராணி கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மெஷின்ல போட்டியா?"

யோகேஸ்வரியின் கண்கள் குளமாகிவிட்டன. "தெரியாம மத்தத் துணியோட போயிருச்சு அண்ணி. திறந்து பார்த்தா தண்ணியெல்லாம் சிவப்பு. நீங்க ஆசையா எடுத்த சேலை. உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான்..."

"அதான் சேலைக்குத் தகுந்த மாதிரி டிவியை மாத்திட்டியா?"

"ஏசுறதுன்னா ஏசிருங்க அண்ணி. அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க."

உமாராணி முந்தானையைக் கீழே விட்டாள். கதவை லேசாகத் திறந்து கூடத்தை எட்டிப் பார்த்தாள். சத்தியசீலன் தன் மஞ்சள் மூஞ்சியை ரசித்துக்கொண்டிருந்தான். கதவை மறுபடியும் சாத்திவிட்டு, யோகேஸ்வரியின் காதருகே குனிந்தாள்.

"அடுத்த வாரம் என் நாத்தனா என் கூறைச்சேலையையும் கல்யாண வீடியோவையும் பார்க்க வர்றா, தம்பியை அனுப்பி எங்க வீட்டு டிவியையும் இதே மாதிரி வெச்சுக் குடுக்கச் சொல்லுடி!"