இடது பக்கம் தூக்கல்

"யோவ், கொஞ்சம் தள்ளி நின்னு கண்ணைத் தொறந்து பாரு! இடது பக்கம் எப்படித் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு. இதான் நீ வேலை பார்த்த லட்சணமா?"

எதிர் வீட்டு அண்ணன் போட்ட சத்தத்துல, பல் தேய்ச்சுக்கிட்டு இருந்த நான் வாயைக்கூடக் கொப்பளிக்காம வாசலுக்கு ஓடினேன்.

அவரோடது ஐம்பத்தஞ்சு வருஷத்துப் பழைய கார். வான நீலம். வருஷா வருஷம் நடக்கிற பழைய கார்கள் ஊர்வலம் இன்னிக்குப் பத்து மணிக்கு. அதுக்காகவே மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைச்சு, பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, வெளிக் கம்பெனி தயாரிச்ச புது சுருள் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் மாட்டச் சொல்லியிருந்தார். நேத்துப் பெட்டியைப் பிரிச்சப்போ ரெண்டு பேரும் குதிச்ச குதியைப் பார்க்கணுமே! கல்யாண வீடு தோத்துடும்.

இன்னிக்கு இந்தக் கூத்து.

"சார், ஆள் ஏறினா சமமாயிடும்" என்றார் மெக்கானிக், முகமெல்லாம் கிரீஸோட.

"ஆள்தானே? இந்தா, நானே ஏறுறேன்!"

அண்ணன் பின்சீட்டுல இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஆள் ஒல்லிக்குச்சி. கார் அவரைக் கண்டுக்கவே இல்லை.

"பார்த்தியா? அப்படியே நிக்குது! எல்லாத்தையும் கழட்டு. பழசையே மாட்டு."

"மணி ஒன்பது சார். இப்போ கழட்டினா ஊர்வலத்துக்குப் போக முடியாது."

"போக வேண்டாம்! ஸ்பானர் பிடிக்கிற கையா இது? உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

எனக்கு வந்துச்சே கோபம். ரெண்டு நாளா காருக்கு அடியில மல்லாந்து கிடந்த மனுஷனை இப்படியா பேசுறது?

அண்ணனுக்கு எப்பவுமே வாய் ஜாஸ்தி. மூணு வருஷத்துக்கு முன்னாடி, இதே ஊர்வலம் கிளம்புற இடத்துல அண்ணி பின்சீட்டுல ஏறினாங்க. கொஞ்சம் பூசின உடம்பு. இடது பக்கம் அமுங்கி, டயர் மட்கார்டுல உரசி, 'கர்ர்'னு ஒரு சத்தம். "இவ ஏறினா, அந்தப் பக்கம் ரெண்டு சிமெண்ட் மூட்டை வைக்கணும்"னு எல்லார் முன்னாடியும் இவர் ஜோக் அடிச்சார். கூட்டமே சிரிச்சது. அண்ணியும் சிரிச்சாங்க.

அதோட சரி. அந்தக் காருக்குள்ள அவங்க காலே வைக்கலை. ஊர்வலம்னாலே காலையிலேயே தலைவலி வந்துடும். அண்ணன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துட்டார். ம்ஹூம்.

இன்னிக்கும் தலைவலின்னு படுத்திருந்தவங்க, சத்தம் கேட்டு வெளியே வந்தாங்க. யாரை யார் திட்டினாலும் அண்ணிக்குத் தாங்காது. தபால்காரரை யாரோ அதட்டினாங்கன்னு, அடுத்த தெருவுக்கே போய்ச் சண்டை போட்டவங்க.

"என்னங்க இது? காலங்காத்தால அந்தப் பிள்ளையை இந்தப் போடு போடுறீங்க?"

"நீ சும்மா இரு. இவனை இன்னிக்கு நான் விடுறதா இல்லை!"

அண்ணி அவரை ஒதுக்கிட்டு மெக்கானிக்கிட்ட வந்தாங்க. "தம்பி, நிஜமாவே ஆள் ஏறினா சரியாயிடுமா?"

"சத்தியமா அக்கா. சாரோட வெயிட் பத்தலை, அவ்வளவுதான்."

அண்ணி காரைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க.

"தள்ளுங்க."

கதவைத் தொறந்து ஏறி உட்கார்ந்துட்டாங்க! இடது பக்கம் மெல்ல இறங்கி, அப்படியே நின்னது. மெக்கானிக் டேப்பைப் பிடிச்சார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு அக்கா! நூல் பிடிச்ச மாதிரி!"

நான் கை தட்டிட்டேன்.

"அப்புறம் என்ன மசமசன்னு நிக்கிறீங்க? வண்டியை எடுங்க, ஓட்டிப் பார்த்துடலாம்!" அண்ணியோட குரலே மாறிப்போச்சு.

கார் கிளம்பிச்சு. தெருமுனை வேகத்தடையில ஏறிச்சு, இறங்கிச்சு. ஒரு சத்தம் இல்லை.

"உரசலைங்க! உரசவே இல்லைங்க! திருப்புங்க, இன்னொரு தடவை ஏத்துங்க!"

இன்னொரு தடவையா? நாலு தடவை! ஒவ்வொரு தடவையும் அண்ணியோட சிரிப்பு தெரு பூரா கேட்டது. வந்து இறங்கினவங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

"அஞ்சே நிமிஷம். அந்த நீலப் புடவையைக் கட்டிட்டு வந்துடுறேன். நானும் ஊர்வலத்துக்கு வரேன்."

"தலைவலி?" என்றேன்.

"யாருக்கு?" என்றவங்க, அண்ணன் பக்கம் திரும்பினாங்க. "நீங்க முதல்ல அந்தத் தம்பிகிட்ட மன்னிப்பு கேளுங்க. இவ்வளவு அருமையா வேலை செஞ்சவரைப் போய்... சே!"

விறுவிறுன்னு உள்ளே போயிட்டாங்க. எனக்கும் மனசு ஆறலை. மெக்கானிக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துக்கிட்டுப் போனேன். காருக்குப் பின்னாடி, அண்ணன் அவரோட கிரீஸ் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னார். கண்ணு கலங்கியிருந்தது.

"ரொம்பப் பேசிட்டேன்ப்பா. மன்னிச்சுடு."

மெக்கானிக் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இடது பக்கத்துக்கு மட்டும் தடிமனான ஸ்பிரிங்கா போடுன்னீங்க, போட்டேன். 'உன்னைத் திட்டினாத்தான் அவ வந்து ஏறுவா'ன்னீங்க, அதுக்கும் தலையாட்டினேன். ஆனா, நேத்து ஒத்திகையில இவ்வளவு திட்டலையே சார்!"