முதல் வரிசை

இலங்கை மலைநாட்டு ஹட்டன் பள்ளிவாசலின் கண்ணாடி ஜன்னல்களில் மழைச்சாரல் வழிகிறது. வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கம் முடிந்து, தொழுகைக்காக எல்லோரும் எழுந்து தோளோடு தோள் சேர்கிறார்கள். முதல் வரிசையில் நிற்கிறான், ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி ஏற்றும் சிக்கந்தர். பாங்கு சொல்லுமுன்பே வந்து பிடித்த இடம். சட்டைக் கையில் இன்னும் தேயிலைத் தூசி. பின்னாலிருந்து அத்தர் வாசனை நெருங்குகிறது. டிரஸ்டி ஹமீது ஹாஜியார், கோட்டுப் போட்ட ஒருவரைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறார். கடைவீதிச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் எலக்சன் நோட்டீஸில் சிரிக்கிற அதே முகம். போன எலக்சனில் சிக்கந்தரும் ஓட்டுப் போட்டவன்தான். இந்தத் தடவை, புதுச் சட்டப்படி அவன் இந்தியாக்காரன் என்று ஓட்டர் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

“தம்பி, கொஞ்சம் பின்னுக்குப் போங்க. எலக்சன் கேக்குற நம்மட ஆள் வந்திருக்கார்,” என்று ஹாஜியார் அவன் தோளைத் தொடுகிறார். சிக்கந்தர் திரும்பாமலே சொல்கிறான்: “லிஸ்டுலேருந்து பேரை எடுத்தாங்க, பொறுத்துக்கிட்டேன். இந்த எடத்தை உடமாட்டேங்க ஹாஜியார். முந்தி வந்தவன் நான்.” கால் விரல்கள் பாயை இறுக்கிப் பிடிக்கின்றன. தோளில் கை கனக்கிறது. தேயிலைப் பெட்டியளவு கனமில்லை. இமாம் திரும்பிப் பார்த்து, “வரிசைய நேராக்குங்க,” என்கிறார். கை விலகுகிறது. கோட்டுக்காரர் இரண்டாம் வரிசையில், அவனுக்கு நேர் பின்னால் நின்றுகொள்கிறார். தொழுகை தொடங்குகிறது. ஸஜ்தாவில் எல்லா நெற்றிகளும் பாயில் பதியும்போது, சிக்கந்தரின் வெடித்த குதிகாலில் அந்தப் பெரிய மனிதரின் மூச்சு சூடாகப் படுகிறது.