ஒரு படத்தில் மட்டும்

எட்வின் இறப்பதற்கு முன் மொட்டைமாடித் தொலைநோக்கியில் எடுத்திருந்த இருநூறு படங்களை அவன் தங்கை குளோரி கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். தனித்தனியாக வெறும் புள்ளிகள்தாம். சேர்ந்தபோது நடுவில் ரோஜா நிறத்தில் ஓர் ஒளிமேகம் விரிந்தது. அவன் மனைவி ஜெசிந்தா அதைப் பார்க்கவில்லை.

"அவங்க கை எங்க?"

லென்ஸில் படிந்த பனியைத் துடைக்கப் போன அவன் கை, டார்ச் வெளிச்சத்தில், ஒரே ஒரு படத்தில் சிவப்பாகப் படர்ந்திருந்தது.

"ஒண்ணுல மட்டும் இருக்கறதக் கம்ப்யூட்டர் தூசின்னு நெனச்சுக் கழிச்சிரும், மைனி."

"கழிக்காதன்னு சொல்லு."

குளோரி சொல்லிப் பார்த்தாள். இருநூறில் ஒரு பங்காகக் கரைந்து, அப்போதும் கை தெரியவில்லை.

"அப்போ மத்ததெல்லாம் எடுத்திரு."

"அண்ணன் பாடுபட்டு எடுத்தது மைனி. மேகம் போயிரும்."

"மேகத்தையா நான் கட்டிக்கிட்டேன்?"

நீக்க நீக்க மேகம் மங்கியது, சிவப்பு மேலெழுந்தது. கூடவே மணல் தூவியதுபோல் புள்ளிகளும் ஏறின. கடைசியில் அந்த ஒரு படம் மட்டும் நின்றபோது, அது கையா கறையா என்று ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை.

"இதே மாதிரி இன்னும் நூறு படம் இருந்தாத்தான் தெளியும், மைனி."

"நான் போய் நின்னு கையக் காட்டுனா சேருமா?"

ஜெசிந்தா விரல்களை விரித்துத் திரையில் அந்தச் சிவப்பின்மேல் வைத்தாள். அவள் கையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிவப்பு மிச்சமிருந்தது.