எட்டுக் கொம்பு ரவுட்டர்

“எத்தனை கொம்பு வச்சது வேணும் சார்? நாலா, ஆறா, எட்டா?”

கடைக்காரப் பெண் கேட்டு முடிப்பதற்குள் ஆபீசர் சொல்லிவிட்டார். “எட்டு.”

அவர் சைபர் குற்றப் பிரிவு அதிகாரி. தெருவே அவரை ஆபீசர் என்றுதான் கூப்பிடும். மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சம் நக்கல் சேர்த்து.

“ஸ்பீடு கனெக்‌ஷன்தானே? வீட்டுல எத்தனை பேரு, எத்தனை சுவர்?”

“ரெண்டு பேரு, மூணு சுவர், ஒரு திருடி.”

கடைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

“மேல்மாடி டீச்சர்மா! அவங்க குடிவந்து ஒரு வருஷமாகுது. அன்னையிலேர்ந்து என் நெட்டு நொண்டுது. மாடிப்படியில நின்னா சிக்னல் ஜோரா இருக்கு, என் ஹாலுக்குள்ள வந்தா படுத்துடுது. மேல உறிஞ்சுறாங்க! போதாக்குறைக்குப் பார்க்கும்போதெல்லாம் ‘உங்க வீட்டுல நெட்டு எப்படி சார்?’னு விசாரிப்பு வேற. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! சைபர் கிரைம்காரன் வீட்டுலயே கை வச்சுட்டாங்க. வெளியே தெரிஞ்சா என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுடும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்.”

கடையில் நின்ற மற்ற ஆறு பேருக்கும் அது தெளிவாகக் கேட்டது.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அன்று பதினொரு மணிக்கு முந்நூறு பேருக்கு அவர் வீடியோவில் வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு, ‘உங்கள் வைஃபையைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி?’ போன வாரம் ஒத்திகையின்போது நெட் நின்றுபோய், வாயைப் பிளந்தபடி அவர் முகம் திரையில் உறைந்துவிட்டது. அதைப் படமெடுத்து அலுவலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் அவருக்கே சிரிப்பு வந்ததுதான் கொடுமை. இன்றும் அப்படி ஆனால் பயிற்சிப் பிரிவுத் தலைவர் பதவி கைநழுவிப் போய்விடும். மேலதிகாரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“இப்ப உங்க வைஃபைக்கு என்ன பேரு சார்?”

“வீடு. மாட்ட வந்த ஆள் வச்ச பேரு. எல்லா வீட்டுக்கும் அதையேதான் வைக்கிறாராம், சோம்பேறி.”

“பாஸ்வேர்டு?”

“சொல்லமாட்டேன்.”

“பரவாயில்ல சார், சொல்ல வேணாம்.”

“ஐயோ, பாஸ்வேர்டே அதாம்மா! ‘சொல்லமாட்டேன்’. இங்கிலீஷ் எழுத்துல, டி மட்டும் ரெண்டு. எந்தத் திருடனுக்காவது இது தோணுமா?”

சொன்ன பிறகுதான் கடை முழுக்க ஆட்கள் நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே கேட்ட ஜோக் போலிருந்தது.

“இந்த ரவுட்டர்ல யார் யாரு ஒட்டியிருக்காங்கன்னு லிஸ்ட் வரும் சார். பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே போட்டீங்கன்னா பழகின போனெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். அதுங்களுக்குப் பேரும் பாஸ்வேர்டும் பொருந்தினா போதும், எந்தப் பெட்டின்னு பார்க்காது.”

“அப்போ திருடியும் தானா வந்து மாட்டிப்பாங்க!” ஆபீசர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்தரை. மனைவி ஹாலில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் ரவுட்டரை மேசைமேல் வைத்து எட்டுக் கொம்பையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

“ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிற கொம்பு போதாதா?” என்றார் மனைவி.

பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் மேல்மாடி டீச்சர்.

“சார், ஒரு புகார். எங்க வைஃபையை யாரோ ஒரு வருஷமா திருடுறாங்க.”

ஆபீசர் அசந்துபோனார். திருடுவதையும் திருடிவிட்டு, முந்திக்கொண்டு புகாரா! ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சோபாவில் உட்காரச் சொன்னார்.

“உங்க வைஃபை பேரு?”

“வீடு.”

“பாஸ்வேர்டு?”

“சொல்லமாட்டேன்.”

“போலீஸ்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது டீச்சர்.”

“மறைக்கல சார், பாஸ்வேர்டே அதான். நானா யோசிச்சு வச்சது. டி மட்டும் ரெண்டு போடணும்.”

ஆபீசருக்குப் புல்லரித்தது. இருபது வருட சர்வீஸில் ஒரு வாக்குமூலம் இப்படித் தானாக நடந்து வந்து சோபாவில் உட்கார்ந்ததே இல்லை. அவருடைய பாஸ்வேர்டை, டி ரெண்டு என்பது வரைக்கும், அவரிடமே ஒப்பிக்கிறார்!

“அஞ்சு நிமிஷம் இருங்க டீச்சர். திருடன் யாருன்னு ஆதாரத்தோட காட்டுறேன்.”

பழைய ரவுட்டரைக் கழற்றுவதற்காகப் புத்தக அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார். மனைவி பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னங்க, அது ஓடவே இல்ல. இஸ்திரிப் பெட்டிக்கு ப்ளக் வேணும்னு போன வருஷமே பிடுங்கிட்டேன். நெட்டு பாட்டுக்கு வந்துட்டே இருந்துச்சா, திரும்ப மாட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

பழைய ரவுட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதன்மேல் ஒரு வருடத்துத் தூசி படிந்திருந்தது.

“என்ன சார், திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?” என்று டீச்சர் சோபாவிலிருந்து கேட்டார்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையை வெளியே எடுக்காமலே ஆபீசர் சொன்னார்: “சொல்லமாட்டேன்.”