விரல் வைத்த முடிச்சு

பலா மரத்தில் ஆர்க்கிட் செடியைக் கட்டும்போது, முடிச்சு விழும் இடத்தில் விரலை வைக்கச் சொன்னாள் சௌந்தரம். தணிகாசலம் வைத்தார். பழைய சேலையில் கிழித்த துணியை விரலோடு சேர்த்து இறுக்கிவிட்டு, "இப்ப எடுங்க" என்று சிரித்தாள். "மண்ணு கிண்ணு போட்டுடாதீங்க, அழுகிடும். காலையில வேர்ல தண்ணி தெளிச்சாப் போதும். ஒரு வருஷத்துல மரத்தைப் பிடிச்சுக்கும். அப்புறம் மறக்காம துணியை அவுத்துடணும்."

அடுத்த மாதமே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். தண்ணீர் தெளிப்பதை மட்டும் அவர் ஒருநாளும் விடவில்லை.

வருஷத் திதிக்கு வந்த மகள் திலகா செடியைப் பார்த்துவிட்டு, "துணி தண்டை நெரிக்குதுப்பா. அம்மா அவுக்கச் சொன்னாங்கல்ல?" என்றாள்.

"அவுக்கலாம், அவுக்கலாம்."

சௌந்தரம் கட்டிவைத்த மிளகாய் மூட்டை, கொலுப் பெட்டி, மருந்துச் சீட்டுப் பை எல்லாவற்றையும் இந்த ஒரு வருஷத்தில் யார் யாரோ அவிழ்த்துவிட்டார்கள். அவள் கை போட்ட முடிச்சு இது ஒன்றுதான் மிச்சம்.

மகள் ஊருக்குக் கிளம்பிப் போனதும் அவர் கத்தரிக்கோலோடு மரத்தடிக்கு வந்தார். முடிச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு மரத்தின் பின்பக்கமாகத் துணியை வெட்டி, முடிச்சு குலையாமல் உருவி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செடிக்கு அடியில் இரண்டு கைகளையும் ஏந்தினார்.

வேர்கள் பட்டையைக் கவ்விப் பிடித்திருந்தன.

"விழுந்துடேன்" என்றார் செடியைப் பார்த்து.

செடி அசையவில்லை.