நீல எண்கள்

மில் தொழிலாளர் போராட்டப் படங்களின் கண்காட்சியில் அந்த ஒரு படத்தின் முன்னால் தெய்வசிகாமணி நின்றுவிட்டார். பூட்டிய மில் கேட்டை மறித்து ஒன்பது பெண்கள் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் தலைக்கு மேலும் நீல மையில் சின்னதாக ஓர் எண்.

"அந்த நம்பர்தாங்கய்யா யாருக்கும் புரியல," என்றாள் கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளும் சுகந்தி. "மில் ஆபீஸ் ஃபைல்ல கெடைச்ச படம். இவங்க பேரைத்தான் ஊரெல்லாம் தேடிட்டிருக்கோம்."

"ஒண்ணு ரங்காத்தா," என்றார் அவர். "ரெண்டு சவரியம்மா. மூணு மாரக்கா, அப்ப மாசமா இருந்துச்சு."

ஒன்பது வரை தடுமாறாமல் வந்தது. சுகந்தி நோட்டில் எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"காலைல என்ன சாப்பிட்டேன்னே எனக்கு ஞாபகமில்லீங்க. நீங்க எப்படிங்கய்யா வரிசை மாறாம சொல்றீங்க?"

"நான் அங்க டைம் ஆபீஸ் கிளார்க்கும்மா. தெனமும் இவங்க வருகையப் பதிஞ்சது நான்தான்."

மேனேஜர் அன்று இந்தப் படத்தை அவர் மேஜையில் வைத்து, நீல மைப் பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்ததை அவர் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து கேட் திறந்தபோது அந்த ஒன்பது பேரை மட்டும் உள்ளே விடவில்லை.

"கீழ உங்க பேரையும் எழுதுங்கய்யா. பேரெல்லாம் சொன்னது நீங்கன்னு படத்துக்கடியில போடணும்." சுகந்தி நோட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினாள்.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். கேட்டுக்குப் பின்னால், ஆபீஸ் ஜன்னலில், எண் போடாத ஒரு முகம் பாதி தெரிந்தது. ஒல்லியான, இருபத்துநாலு வயது முகம்.

ஒன்பதாவது பெயருக்குக் கீழே பத்து என்று எண் போட்டார். பேனா அங்கேயே நின்றது.